நிழலுக்குள் காய்ந்த ரோடு

புளியில் கொட்டை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நானும் அவளும் ரோட்டு வேலையில் ஒன்றாகக் கூடை சுமந்தவர்கள். தெருமுனையில் வரும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுகிறவள் அன்றைக்கு நேரே என் பக்கத்தில் வந்து குத்தவைத்தாள். ஒரு புளியை எடுத்து ஓட்டை நீக்கினாள். அதைத் திரும்பவும் கீழே வைத்தாள்.

"நம்ம ஓவர்சீயர் ஐயா தவறிட்டாக, காளியம்மா" என்றாள்.

மதுரையில் மகன் வீட்டில் இருந்திருக்கிறார். காலையில் காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். "படுக்கையில கெடந்தாகளாடி?" என்று கேட்டேன். "ஒரு பொழுதுகூட இல்ல. தூங்குறாகன்னு நெனைச்சு மருமக டம்ளரை எடுத்துட்டுப் போயிருக்கு" என்றாள். அதைக் கேட்டதும் அழுகை வந்தது. அழுகையோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். யாருக்கும் சுமையாகக் கிடக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அப்படியே போய்ச் சேர்ந்தாரே என்ற நிம்மதிதான்.

வெள்ளைச்சாமி ஐயாவின் பதினாறாம் நாளுக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுவதாகவும், அவரிடம் வேலை பார்த்தவர்கள் சார்பில் நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்றும் அவர் மகன் கேட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல என் மகள் செல்வி எழுதுகிறாள். அவருடைய ஆபீஸ் வேலை எப்படி, வீட்டில் எப்படி இருந்தார் என்பதெல்லாம் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது ரோட்டில் நின்ற ஐயாவை. அதை மட்டும் சொல்கிறேன்.

அறுபத்தைந்து, அறுபத்தாறாம் வருஷ வாக்கில் அவர் எங்கள் ரோட்டுக்கு வந்தார். காரைக்குடியிலிருந்து கண்டரமாணிக்கம் பக்கம் போகிற ரோட்டில், ஊருக்கு முன்னால் இரண்டு பக்கமும் பெரிய புளிய மரங்கள் நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும். மத்தியானத்திலும் அங்கே அந்தி மாதிரி இருக்கும். கல்லை இறுக்கிப் போட்ட கப்பி ரோடாக இருந்ததைத் தார் ரோடாக மாற்றிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. வெயில் படுகிற இடமெல்லாம் தார் கல்லாகக் கிடந்தது. மர நிழலுக்குள் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் தோசைக்கல்லில் வெந்த தோசை போலத் தனியாகக் கிளம்பி வந்தது. நாங்களும் ஒவ்வொரு வருஷமும் ஒட்டுப் போடுவோம். அது ஐப்பசி மழையோடு போய்விடும். பஸ் டிரைவர்கள் எங்களைப் பார்த்தால் சிரிப்பார்கள். "என்னத்தா, இந்த வருஷ முறுக்கைச் சுட்டாச்சா?" என்று ஒருவர் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போனதைப் பாக்கியம் இன்றைக்கும் சொல்லித் திட்டுவாள்.

ஐயாவும் வந்த முதல் மழையில் அதே பாட்டைத்தான் பட்டார். அவர் போட வைத்த ஒட்டும் பெயர்ந்தது. அந்த மழைக்குப் பிறகுதான் பெரிய என்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். பெயர்ந்து கிடந்த தாரைச் செருப்பால் தள்ளிப் பார்த்தார். தலையை நிமிர்த்தி மரங்களைப் பார்த்தார். "வெயிலே படலைன்னா ரோடு எப்படி நிக்கும்? மரத்தை எடுத்துருங்க" என்றார். அடுத்த வாரமே ஒவ்வொரு மரத்திலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்துவிட்டது.

அந்த மரங்களில்தான் எங்கள் பிள்ளைகளின் தொட்டில் தொங்கியது. கைக்குழந்தைக்காரிகள் பழைய சேலையைக் கிளையில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவோம். செல்வி அப்போது பால்குடி மறக்காத பிள்ளை. மரம் போனால் அந்தப் பொட்டல் வெயிலில் பிள்ளையை எங்கே போடுவது? வீட்டில் விட்டுவர ஆள் கிடையாது. மரம் போனால் எனக்கு வேலையும் போன மாதிரிதான்.

நாங்கள் நாலைந்து பேரும் சேர்ந்து ஐயா முன்னால் போய் நின்றோம். நாங்கள் வாயெடுப்பதற்குள் தொட்டிலில் கிடந்த செல்வி வீரிட்டு அழுதாள். ஐயா தொட்டிலைப் பார்த்தார், மரத்திலிருந்த சிவப்புக் குறியைப் பார்த்தார். "ஒங்க சார்புல அதுவே பேசிருச்சு. நீங்க போயி வேலையப் பாருங்கத்தா" என்றார். மறுநாளே ஜில்லா ஆபீசுக்குப் போய், ஒரு மழைக்காலம் தவணை கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்த மழையிலும் ரோடு பெயர்ந்தால் தானே முன்னின்று வெட்ட வைப்பதாகச் சொல்லித்தான் தவணை வாங்கினார் என்று பிறகு தெரிந்தது.

தவணை வாங்கிவிட்டாரே தவிர என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. அதை எங்களிடம் மறைக்கவும் இல்லை. "எனக்கும் ஒண்ணும் ஓடல மேஸ்திரி. நல்ல தார், நல்ல ஜல்லி. வெயில்ல நிக்கிறது நிழல்ல ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று ராக்கப்பன் மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி கப்பி ரோட்டுக் காலத்திலிருந்தே எங்கள் கும்பலுக்குத் தலைவர். "புளிய மரத்துல முனி இருக்குங்கய்யா" என்றார். "முனி எதுக்கு மேஸ்திரி தாரைத் திங்கிது? அதுக்கு வேற நல்ல சாப்பாடு கெடைக்கலையா?" என்றார் ஐயா.

விடை ஒரு வீட்டு வாசலில் கிடைத்தது. அன்றைக்கு ஏதோ காரியமாக ஐயா சைக்கிளில் விடியற்காலையிலேயே ஊருக்குள் போயிருக்கிறார். பெரிய வீடுகளில் பெண்கள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தெருவின் ஒரு பக்கம் வெயில் விழும், எதிர்ப்பக்கம் அந்த உயரமான சுவர்களின் நிழல். அவர் திரும்பி வரும்போது வெயில் பக்கத்து வாசல்களெல்லாம் வெளுத்துக் காய்ந்திருந்தன. நிழல் பக்கத்து வாசல்களில் தெளித்த தண்ணீர் அப்படியே கறுப்பாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தவர் வழக்கத்தைவிட முன்னதாக எங்களிடம் வந்து சேர்ந்தார். அப்போதுதான் பாக்கியம் சுத்தம் செய்த குழிக்குள் குடத்திலிருந்து தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தாள்.

ஐயா சைக்கிளை ஸ்டாண்டு போடவில்லை. அது கீழே விழுந்தது.

"என்னத்தா பண்றே?"

"தூசி அமுத்துறேங்கய்யா."

"யாரு சொன்னா?"

பாக்கியம் மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு சொல்லணும்? தண்ணி தெளிக்காம எவன் ரோடு போடுவான்? எங்க அப்பன் காலத்துலருந்து அப்பிடித்தேன். தார் ஊத்துறதுக்கு முன்னாடி நல்லாத் தெளிச்சு, அமுத்தி, கூட்டி, சுத்தமா வச்சுருப்போம். வாசல் மாதிரி இருக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கப்பி ரோட்டுக்குத் தண்ணீர்தான் உயிர். தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் கல்லையும் கப்பியையும் இறுக்குவோம். தார் வந்த பிறகும் எங்கள் கை அதை விடவில்லை. வெயிலில் தெளித்த தண்ணீர், அடுப்பில் தார் காய்ந்து வருவதற்குள் ஆவியாகிவிடும். நிழலில் அது குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதன் மேல் தாரை ஊற்றி மூடி வந்திருக்கிறோம். சுத்தம் என்று நினைத்துச் செய்ததுதான் ரோட்டைத் தின்றிருக்கிறது.

ஐயா மேஸ்திரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "தப்பு எம்மேலதேன். நான் தினமும் அடுப்புல தார் காஞ்சப்புறந்தேன் வாரேன். ஆரம்பத்தைப் பாக்காதவன் முடிவைப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது" என்றார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். மேஸ்திரிக்குத்தான் மனசு ஆறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஐயா தன் இலையை அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, "மேஸ்திரி, ஒங்க கப்பி ரோட்டுல இன்னும் மாட்டு வண்டி போவுது. அந்தக் கைதேன் எனக்கு வேணும். தண்ணிக் குடத்தை மட்டும் விட்டுருங்க" என்றார். மேஸ்திரி சட்டியைத் திறந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வேலையே மாறிப்போனது. குழியைச் சதுரமாக வெட்டி ஈர மண்ணையெல்லாம் கெட்டித் தரை வரும்வரை எடுத்துவிடுவோம். தண்ணீர் கிடையாது, வெறும் தென்னந்துடைப்பந்தான். பிறகு காயவிட வேண்டும். நிழலில் தானாகக் காயாது. அதனால் தார் அடுப்பிலிருந்து தணலை அள்ளி இரும்புச் சட்டியில் போட்டுக் குழிக்குள் வைத்தோம். குழியிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு ஈரத்தை இத்தனை நாளும் உள்ளே வைத்து மூடினோம் என்று எங்களுக்கே உறைத்தது. பாக்கியம் சும்மா இருப்பாளா? "நான் புள்ள பெத்தப்பக்கூட எங்க மாமியா இம்புட்டுத் தணல் போடல" என்றாள். ஐயாவே சிரித்துவிட்டார்.

காய்ந்ததா என்று பார்ப்பதற்கு நான் உள்ளங்கையை வைத்தேன். ஐயா வேண்டாம் என்றார். "ஒங்க உள்ளங்கையெல்லாம் கூடை தூக்கிக் காய்ச்சுப் போச்சு. அது பொய் சொல்லும். பொறங்கையை வச்சுப் பாருத்தா." புறங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. உள்ளங்கைக்குத் தெரியாத ஈரம் அதற்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் குழியை மூடலாம் என்று சொல்வது என் வேலையாகிவிட்டது. நான் சரி என்று சொன்னால்தான் மேஸ்திரி தார்ச் சட்டியைத் தூக்கச் சொல்வார்.

குழி காய்ந்தது. ஆனாலும் ஐயாவுக்குத் திருப்தி இல்லை. "மேல விழுற தண்ணி விருந்தாளி, வந்துட்டுப் போயிரும். அடியில வர்ற தண்ணி திருடன்" என்பார். அந்தத் திருடன் ரோட்டோரத்து ஓடையில் இருந்தான். மரத்தடியில் உதிர்ந்த இலையும் மண்ணும் சேர்ந்து ரோட்டைவிட ஓரம் மேடாகிக் கிடந்தது. அதை வெட்டிச் சாய்த்துவிட்டோம். ஓடையைத் தூர் எடுக்கப் போனபோதுதான் வம்பு வந்தது. மரங்களுக்கு அடுத்தாற்போல ஊர்க்காரர்கள் ஓடைக்குக் குறுக்கே மண் அணை போட்டிருந்தார்கள். மழைத் தண்ணீரை ஊருணிக்குத் திருப்புவதற்காக வருஷா வருஷம் போடுகிற அணை. அதனால் மழைக்காலம் முழுக்க ரோட்டை ஒட்டி, அந்த நிழலுக்குள், தண்ணீர் தேங்கி நின்றது.

மண்வெட்டியை வைத்ததும் ஒரு வயதான ஆச்சி வந்து அணையின் மேலேயே ஏறி நின்றுகொண்டார். காதில் கனமான தோடு, கையில் கம்பு. "வெட்டுங்க, பாப்போம்" என்றார்.

ஐயா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார். "ஆச்சி, இந்தத் தண்ணி நின்னா ரோடு போயிரும்."

"ரோடு போனா அடுத்த வருசம் போட்டுக்கிருவீக. ஊருணி காஞ்சா எங்க தொண்டைக்கு யாரு தார் ஊத்துவா?"

"ரோடு போனா இந்த மரத்தையெல்லாம் வெட்டிப்புடுவாக ஆச்சி."

ஆச்சி மரங்களைத் திரும்பிப் பார்த்தார். சிவப்புக் குறியை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. "என்னது, பொட்டு வச்ச மாதிரி?" என்றார். பிறகு அணையிலிருந்து இறங்கவும் இல்லை, கம்பை ஓங்கவும் இல்லை. "அப்ப ரெண்டுக்கும் ஒரு வழி சொல்லுங்க. படிச்சவுகதானே?"

ஐயா அன்றைக்கு முழுக்க அந்த ஓடையோடு நடந்தார், ஆச்சியும் கம்பை ஊன்றிக்கொண்டு கூடவே நடந்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. மட்டம் பார்க்க ஐயாவுக்குத் தெரிந்திருந்தது. மரங்கள் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, மேட்டுப் பக்கத்தில், தண்ணீரைத் திருப்பிவிட ஓர் இடம் அகப்பட்டது. ஊர்க்காரர்களும் நாங்களும் சேர்ந்து அங்கிருந்து ஊருணிக்குப் புது வாய்க்கால் வெட்டினோம். தண்ணீர் நிழலுக்குள் வராமலே ஊருக்குள் போனது. எங்களுக்கு அன்றைக்கு ஆச்சி வீட்டிலிருந்து பானகம் வந்தது.

கடைசியாகக் கிளை கழிப்பது. உச்சி வெயில் ரோட்டில் கொஞ்சமாவது விழ வேண்டும் என்று, ரோட்டுக்கு மேலே கவிந்திருந்த கிளைகளைக் கழிக்கச் சொன்னார். மரம் ஏறியவர் வேகத்தில் தொட்டில் கட்டும் கிளையிலும் அரிவாளை வைக்கப் போனார். "ஏய், அதை விடு" என்று ஐயா கத்தியதை அன்றைக்குத்தான் கேட்டேன். "அது வயப்பக்கம் சாஞ்ச கிளை. அதுக்கும் ரோட்டுக்கும் என்ன பேச்சு?" செல்வி அந்தக் கிளையில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. நடுவில் விட்டு விட்டுப் பெய்திருந்தாலாவது மனசு கொஞ்சம் இளைப்பாறியிருக்கும். அந்த வருஷம் வானம் ஓட்டையாகிவிட்டது போலக் கொட்டியது. வேலை கிடையாது. வீட்டுக்குள் உட்கார்ந்து கூரையில் விழும் மழையைக் கேட்கும்போதெல்லாம் அது என் தலையில் விழுகிற மாதிரி இருந்தது. ஒரு நாள் காலையில் மழை வெறித்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பாக்கியமும் ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஐயா அங்கே நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையை மடக்கி அதன் நுனியால் ஒவ்வொரு ஒட்டாகக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். டொக், டொக் என்று கெட்டியாகக் கேட்டது. கடைசி ஒட்டில் மட்டும் சத்தம் மாறியது. குடை நுனி உள்ளே போனது.

ஐயா திரும்பி, "இது நாம அவசரத்துல போட்டது, ஞாபகமிருக்கா?" என்றார். ஞாபகம் இருந்தது. மேகம் கூடிவிட்டதென்று தணல் வைக்காமல் மூடிய குழி அது. நான் சரி சொல்லவில்லை. இருட்டிவிட்டதே என்று அவர்தான் மூடச் சொன்னார்.

மழைக்காலம் முடிந்து என்ஜினியர் வந்தபோது ஐயா அவரை நேராக அந்தப் பெயர்ந்த ஒட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். மேஸ்திரி என் காதில், "கிறுக்குப் புடிச்சிருச்சா இவுகளுக்கு? நல்லதைக் காட்டாம" என்றார். ஐயா உள்ளதைச் சொன்னார். "இதை ஈரத்தோட மூடுனோம். போயிருச்சு. மத்ததைக் காய வச்சு மூடுனோம். நிக்கிது. ரெண்டுக்கும் மேல ஒரே மரந்தேன்." என்ஜினியர் நிழலுக்குள் அந்தக் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். பிறகு தன் டிரைவரைக் கூப்பிட்டு ஜீப்பை மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். "வெயிலு ஜாஸ்தியா இருக்கு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன தீர்ப்பு. பாக்கியம் என் கையைக் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் வலித்தது. அன்றைக்கு நான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய வேகத்தில், அவள் விழித்துக்கொண்டு சிரித்தாள்.

வருஷம் ஓடிவிட்டது. ஐயா மாற்றலாகிப் போனார், பிறகு ஓய்வும் பெற்றார். காரைக்குடிச் சந்தையில் எப்போதாவது பார்ப்பேன். வீட்டில் எல்லாரும் சுகமா என்பதற்கு முன்னால், "நிழலுக்குள்ள எப்படித்தா இருக்கு?" என்றுதான் கேட்பார். நான் சொல்வேன். தலையாட்டிவிட்டுக் கத்தரிக்காய் பார்க்கப் போய்விடுவார்.

அவர் உடலை மதுரையிலிருந்து சொந்த ஊருக்கு அந்த ரோட்டில்தான் கொண்டுபோனார்கள். செய்தி வந்ததும் நானும் பாக்கியமும் செல்வியும் போய்ப் புளிய மரத்தடியில் நின்றோம். சிவப்புக் குறி இருந்த இடத்தில் இப்போது பட்டை வளர்ந்து மூடிவிட்டது, தேடினாலும் தெரியாது. வண்டி மெதுவாக வந்தது. பின்கதவு திறந்திருந்தது. அவர் மேல் போட்டிருந்த சம்பங்கி மாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெயிலைத் தாண்டி நிழலுக்குள் வந்தது வண்டி. ஒரு குலுக்கல் இல்லை. மாலை அசையவில்லை. எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த ஒன்றுதான். அது போய்விட்டது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது என் புறங்கை. குதிரில் நெல் கொட்டும் முன்னால், பானையில் புளி அடைக்கும் முன்னால், ஏதொன்றையும் மூடும் முன்னால் அதைத்தான் வைத்துப் பார்க்கிறேன். காயவில்லை என்றால் யார் அவசரப்படுத்தினாலும் மூடுவதில்லை. அன்றைக்கு வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகு ரோட்டில் இறங்கினேன். விடியற்காலையில் ஒரு தூற்றல் போட்டிருந்தது. குனிந்து, மரத்தடி நிழலில், தாரின் மேல் புறங்கையை வைத்தேன்.

"எப்படிம்மா இருக்கு?" என்று செல்வி கேட்டாள்.

"காஞ்சுதேன் இருக்கு" என்றேன்.